லிஃப்டுக்குள் இருக்கும் ஆள் நான்தான்

மரியாதைக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

இங்கே அனைவரும் நலம். அங்கே நீங்களும் உங்கள் முழங்காலும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நலம் விசாரித்தாயிற்று, இனி சண்டைக்கு வருகிறேன்.

இன்ஜினியரிங் முடித்த என் மகளை நம் லிஃப்ட் ரிப்பேர் கம்பெனியிலேயே உட்கார வைக்க இருந்தேன். "மாப்ளே, பொண்ணை மேல படிக்க வைங்க, பொறியியல் மேலாண்மை, அதுல தகவல் அமைப்புகள்" என்று வேப்பிலை அடித்தது நீங்கள். அது என்ன படிப்பு என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஸ்பேனரைத் தொடாத இன்ஜினியருக்கும் கணக்குப் பார்க்காத மேனேஜருக்கும் பிறந்த படிப்பு போலிருக்கிறது. லீவுக்கு வந்தவள் சும்மா இருந்தாளா? நம் கம்பெனிதான் அவளுடைய ப்ராஜெக்டாம். ஒரு வாரம் எங்களை முறைத்துப் பார்த்துவிட்டு, "இங்க இருக்கற பெரிய அடைப்பே நீங்கதாம்பா, எல்லாரும் உங்களையே கேட்டுட்டு நிக்கறாங்க" என்றாள். பெற்ற அப்பனை, மச்சான்!

அதுவரை நான் வாசலில் நின்று ஒரு சத்தம் போட்டால் யாராவது ஓடுவான். இனி சத்தமே கூடாதாம். அவள் செய்து வைத்த ஆப்பில், புகார் போனிலேயே ஏறுமாம். போகிற ஆள் 'வந்துவிட்டேன்' என்று அழுத்த வேண்டுமாம், வேலை ஆனதும் 'முடிந்தது' என்று அழுத்த வேண்டுமாம். போன வாரம் ஆள் இல்லாமல் ஒரு பல் ஆஸ்பத்திரி லிஃப்டுக்கு நானே போனேன். சமர்த்தாக 'வந்துவிட்டேன்' அழுத்தினேன். உள்ளே ஏறியதும் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிட்டது. கூடவே வாய் நிறையப் பஞ்சு வைத்த ஒரு அம்மாள், பேச முடியாததால் கண்ணாலேயே என்னைத் திட்டிக்கொண்டு. ஆபீஸுக்குப் போன் போட்டால் அங்கிருக்கும் பெண், "அங்க ஏற்கெனவே ஆள் போயிருக்காருன்னு காட்டுது சார்" என்கிறாள். அந்த ஆள் நான்தாம்மா என்றேன். "அப்ப 'முடிந்தது' அழுத்துங்க சார், அப்புறம்தான் புதுப் புகார் ஏறும்." அழுத்தினால், திறந்த கதவைப் படமெடுத்து அனுப்பு என்கிறது! கதவு திறந்தால் நான் ஏன் இதோடு மல்லுக்கட்டுகிறேன்? மகளைக் கூப்பிட்டேன். "சூப்பர்ப்பா! இப்படி ஒரு கேஸ் கிடைக்காதான்னுதான் எங்க புரொஃபசர் தேடிட்டு இருந்தாரு" என்றாள். அவளையும் அவள் புரொஃபசரையும் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, போனை வைத்துத் தொண்டை கிழியக் கத்தினேன். வாட்ச்மேன் ஓடிப்போய் எதிர் டீக்கடையில் இருந்த நம் மெக்கானிக்கையே இழுத்து வந்தான். கடைசியில் காப்பாற்றியது எது? சத்தம்!

ஆகவே இரண்டாம் வருஷப் படிப்பு வேண்டவே வேண்டாம். ஏற்றிவிட்டது நீங்கள், இறக்கிவிடுவதும் நீங்களே.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள். அவர்களாவது உருப்படியாக ஏதாவது படிக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பேச்சைக் கேட்டுக் கெட்ட
தங்கை வீட்டுக்காரன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது அவளே கூப்பிட்டாள். படிப்பை விட்டுவிட்டு வருகிறாளாம். "இனிமே நீங்க சொல்றதை மட்டும் கேட்டுட்டு ஆபீஸ்ல உக்காந்துடறேம்பா" என்கிறாள். பிறந்ததிலிருந்து அவள் இப்படிப் பேசியதே இல்லை, மச்சான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மேலே எழுதியதைக் கிழித்துப் போடுங்கள். முழங்கால் வலித்தாலும் பரவாயில்லை, உடனே உங்கள் ஊரில் இருக்கும் அவள் ஹாஸ்டலுக்கு ஓடுங்கள். அந்தப் புகாரில் நான் இன்னும் லிஃப்டுக்குள்ளேயே இருப்பதாகத்தான் காட்டுகிறது என்று சொல்லுங்கள். படித்து முடித்து வந்து, அவளே என்னை வெளியே எடுக்கட்டும்.