காபி வேண்டாம் என்று பேசப் போன கதை

மேடையில் தப்பும் தவறுமாகப் பேசி அவமானப்பட்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பேச ஆரம்பிப்பதற்கு முன்பே மேடையில் அவமானப்பட்டவள், எனக்குத் தெரிந்து, நான் ஒருத்திதான்.

வீடு விழுப்புரத்தில். வேலை திண்டிவனத்தில், ஒரு தனியார் பள்ளியில் உயிரியல் ஆசிரியை. மகள் கயல்விழி அப்போது அதே பள்ளியில் பத்தாம் வகுப்பு. ஒரே பஸ்ஸில்தான் போவோம். ஆனால் அவள் தோழிகளோடு பின் சீட்டில் உட்கார்ந்து, நான் யாரென்றே தெரியாதவள் போல வருவாள். (டீச்சர் பெற்ற பிள்ளைகளின் கஷ்டம் அது. குற்றம் சொல்ல முடியாது.)

பொதுத்தேர்வு நெருங்கியபோது அவள் ராத்திரியில் பிளாஸ்க் நிறையக் காபி வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தாள். நான் விடுவேனா? பிளாஸ்க்கைப் பிடுங்கி பீரோ மேல் வைத்தேன்.

"சாயங்காலத்துக்கு மேல காபி கூடாது. உள்ள போன காஃபீன்ல பாதி, அஞ்சாறு மணி நேரம் ஆனாலும் உடம்பை விட்டுப் போகாது. தூங்கினாத்தான் படிச்சது நிக்கும்."

"மத்த அம்மாங்க எல்லாம் அவங்களே காபி போட்டுக் குடுக்கறாங்க" என்று அழுதாள். நான் இளகவில்லை. மறுநாள் இந்த வீரத்தைத் தலைமை ஆசிரியையிடம் பெருமையாகச் சொன்னேன்.

"நல்ல விஷயமாச்சே! சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்துல இதையே பேசிடுங்க மிஸ். டாக்டர் ஒருத்தரும் வர்றாரு" என்றார்.

டாக்டர் முன்னால் உளறிவிடக் கூடாதே என்று வெள்ளிக்கிழமை ராத்திரி குறிப்பெடுக்க உட்கார்ந்தேன். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி, மூளையில் தூக்கம் உட்கார வேண்டிய சீட்டில் காஃபீன் முதலில் போய் உட்கார்ந்துகொள்ளும். காஃபீன் இறங்கும்வரை தூக்கம் நின்றுகொண்டே வரும் என்று எழுதினேன். எனக்கே புல்லரித்தது. ஆனால் கண் சொருகியது. ஒரே ஒரு டம்ளர் என்று காபி போட்டேன். கொஞ்சம் கூடவே ஆகிவிட்டது; ஆறிவிடக் கூடாதே என்று பீரோ மேலிருந்த பிளாஸ்க்கை இறக்கி அதில் ஊற்றி வைத்தேன்.

தண்ணீர் குடிக்க எழுந்து வந்த என் கணவர் பிளாஸ்க்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னா இது? காபி குடிக்காதீங்கன்னு எழுதறதுக்கு காபி குடிச்சிக்கினு உக்காந்திருக்க?"

"மெதுவாப் பேசுங்க, கயல் எழுந்துடுவா."

பேச்சை எழுதி முடித்தேன், தூக்கம் வரவில்லை. புரண்டு படுத்தேன். ஃபேனை எண்ணினேன். (ஒரே ஃபேன்தான்.) விடிந்ததும் கண்ணைத் திறக்க முடியாமல் இன்னொரு டம்ளர் குடித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

மேடையில் ஓரத்து நாற்காலி எனக்கு. எதிரே மேசையில் மைக். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளையும் பெற்றோரோடு உட்காரவைத்திருந்தார்கள். முன் வரிசையில் கயல், அவள் அப்பாவோடு. டாக்டர் எழுந்து வேறொரு மைக்கில் பேச ஆரம்பித்தார். சன்னமான, இதமான குரல். தலைக்கு மேல் ஃபேன் வேறு. ராத்திரி முழுக்க நின்றுகொண்டிருந்த தூக்கமெல்லாம் மொத்தமாக வந்து உட்கார்ந்தது.

அடுத்த நிமிடம் நான் காலை பஸ்ஸில் இருந்தேன். ஜன்னலோர சீட். அசதியாக இருக்கிற நாட்களில் கண்டக்டர் செல்வம் அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடுவேன். அன்றும் சொன்னேன், மைக்கில்:

"அண்ணே, திண்டிவனம் வந்தா எழுப்பி வுடுங்க."

டாக்டர் பேச்சை நிறுத்திவிட்டார். அந்த நிசப்தத்தில்கூட எனக்கு விழிப்பு வரவில்லை. என் போதாத காலம், செல்வம் அண்ணனின் மகனும் எங்கள் பள்ளிதான். கூட்டத்தின் நடுவிலிருந்து, பழக்கதோஷத்தில், அவர் கணீரென்று குரல் கொடுத்தார்.

"திண்டிவனம் வந்தாச்சு டீச்சர்! எறங்குங்க, ஜல்தி!"

நான் சட்டென்று எழுந்து, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மேடையின் படி வரைக்கும் போய்விட்டேன்.

சிரிப்பில் கூரை அதிர்ந்தது. தலைமை ஆசிரியை மட்டும் சிரிக்கவில்லை. கயல் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ளத் தைரியமும் இல்லை. அதன் பிறகு நான் பேச வேண்டியிருந்தது. "பெற்றோர்களே, காபி..." என்றேன். மறுபடி சிரிப்பு. அதற்கு மேல் நான் சொன்னது எதுவும் யார் காதிலும் ஏறவில்லை.

அவள் அப்பாவுக்கு மார்க்கெட்டில் வேலை இருந்ததால், திரும்பும்போது நாங்கள் இருவர் மட்டும் பஸ் ஏறினோம். கயல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பின்னாடி இடம் இல்லையா?"

"இருக்கு. அங்க எல்லாரும் உன்னைப் பத்திதான் பேசிக்கினு இருக்காங்க."

விக்கிரவாண்டி தாண்டியதும் கேட்டாள். "ராத்திரி காபி குடிச்சியாம்மா?"

"ம்."

"என் பிளாஸ்க்லயா?"

தலையை ஆட்டினேன். விழுப்புரம் வரும்வரை அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். நாலு திட்டு திட்டியிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து தேர்வு முடியும்வரை அவள் சீக்கிரமே படுத்துவிட்டாள். என் பேச்சு பலித்துவிட்டது என்று கொஞ்சம் மகிழ்ந்து, கேட்டும் விட்டேன். "உன் பேச்சை யாரும்மா கேட்டாங்க? உன் தூக்கத்தைத்தான் பார்த்தேன்" என்றாள்.

இப்போது புதுச்சேரியில் கல்லூரிக்குப் போகிறாள். உறவில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் காபித் தட்டு என்னை நெருங்குவதற்குள் என் கணவர் மறித்துவிடுகிறார். "அவங்களுக்கு வேணாம்பா, திண்டிவனத்துல எறங்கணும்." புரியாமல் விழிக்கும் புதுச் சம்பந்திகளுக்குக் கயல்தான் எழுந்து நின்று, கைப்பை மாட்டிக்கொள்வது உட்பட, முழுசாக நடித்துக் காட்டுகிறாள். நான் பால் டம்ளருக்குள் முகத்தை வைத்துக்கொள்கிறேன்.