கோட்டைக் கதவைத் திறந்தவன்

ஞாயிற்றுக்கிழமை காலை, கல்கத்தாவின் பாலிகஞ்ச் குடியிருப்பின் மூன்றாம் மாடிக் கூடத்தில் இருந்தவர்கள்: கார்டன் ரீச் ரயில்வே தலைமையகத்தில் முப்பத்தாறு ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்ற செந்தில்நாதன் பிள்ளை, அவர் மனைவி சுப்புலக்ஷ்மி, வங்கி அதிகாரியான மகன் குருபிரசாத், கிடர்பூரில் வசிக்கும் தகப்பன் வழி உறவினர் முத்துகிருஷ்ணன், குடியிருப்புச் செயலாளர் மித்ராபாபு, வீட்டு வேலை செய்யும் மாலதி.

மாலதி வழக்கம்போல் சுவரில் தொங்கிய சாவியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சிவப்பு வெல்வெட் பலகையில் சாண் நீள இரும்புச் சாவி; முன்னோர் காவல் காத்த கோட்டைக் கதவினுடையது. அந்த வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் சாவி, பிறகுதான் காப்பி.

"பிள்ளைதா, எந்த வங்காளி?" என்று வங்காள மொழியில் கேட்டார் மித்ராபாபு. பிள்ளை அண்ணா என்பதைத்தான் அவர் அப்படிச் சொல்வார்.

கேள்வி நியாயமானது. ராஜ வம்சத்து அண்ணனும் தம்பியும் ஒரு கோட்டைக்காக மோதும் இந்திப் படத்துக்கு முந்தின நாள் குடியிருப்பையே அழைத்துப் போனவர் செந்தில்நாதன்தான். தம் முன்னோரான கோட்டைக் காவலரைப் பற்றி அவர் தமிழ்ச் சங்க மலரில் எழுதிய கட்டுரையிலிருந்து எடுத்த படம் அது. திரையில் தம் பெயர் வந்ததும் அவர் எழுந்து நின்றார். பின்வரிசைக்குச் சற்று நேரம் படம் தெரியவில்லை.

இடைவேளைக்கு முன்னால் ஒருவன் ரசகுல்லாவைப் பிழிந்து தின்றபடி வந்தான். "நான் வங்காளி" என்று மார்தட்டினான். கோட்டைக் கதவை எதிரிக்குத் திறந்துவிட்டான். திரும்பி வரும்போது பஸ்ஸில் செந்தில்நாதனின் பக்கத்து இருக்கை மட்டும் காலியாக இருந்தது.

"சினிமாக்காரங்க ஏதாவது சேர்ப்பாங்க, காகு," என்று மித்ராபாபுவைச் சித்தப்பா முறை வைத்துச் சமாதானம் சொன்னான் குருபிரசாத்.

அதோடு விட்டிருந்தால் முடிந்திருக்கும். செந்தில்நாதனின் முதுகு நிமிர்ந்தது.

"யாரும் எதையும் சேர்க்கலை. ஒரு எழுத்தை மாத்தக்கூடாதுன்னு கையெழுத்து வாங்கிட்டுத்தான் கட்டுரையைக் கொடுத்தேன்."

"ரசகுல்லாவும் உங்க கட்டுரையா?"

"அது மட்டும் இல்லை."

"அந்தக் காலத்துல ரசகுல்லாவே கிடையாது. அது பிறக்க இன்னும் நூறு வருஷம் இருக்கு. எங்க அம்மா நேத்து சாப்பிடாமலே படுத்துட்டாங்க." மித்ராபாபு தொண்டையைச் செருமிக்கொண்டார். "இந்த வருஷம் துர்கா பூஜைக் கமிட்டிக்கு நீங்கதான் தலைவர்னு முடிவு பண்ணியிருந்தோம். இப்ப எல்லாரும் யோசிக்கறாங்க."

நாற்பது ஆண்டில் அந்த நாற்காலி ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு வருவது அதுவே முதல் தடவை. செந்தில்நாதன் அதற்காக ஜிப்பாகூடத் தைத்து வைத்திருந்தார்.

"மலரைக் கொண்டு வா. நான் என்ன எழுதினேன்னு இவர் காதாலயே கேட்கட்டும்."

மலர் வந்தது. செந்தில்நாதன் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கணீரென்று தமிழில் படித்தார்: "கதவைத் திறந்து எதிரியை உள்ளே விட்டவன் ஒரு பங்காளி."

மித்ராபாபு எழுந்துவிட்டார். வங்காளிக்கு வங்காள மொழியில் அதுதான் பெயர்.

"பங்காளி. நீங்களே உங்க வாயால சொல்லிட்டீங்க."

சுப்புலக்ஷ்மி மெல்ல மகன் பக்கம் திரும்பினாள். "ஏல, சினிமாக்காரங்களுக்கு இதை இங்கிலீஷ்ல எழுதிக் கொடுத்தது யாரு?"

"நான்தான்மா," என்றான் குருபிரசாத். "பங்காளின்னு இருந்துச்சு. பெங்காலின்னு போட்டேன். பிறந்ததுலேருந்து சுத்திலும் அவங்கதானே இருக்காங்க."

"எம்பிள்ளை கல்கத்தால பிறந்தும் தமிழ் வாசிப்பான்னு ஊரெல்லாம் சொன்னீங்களே," என்றாள் கணவரிடம். "வாசிச்சுட்டான்."

செந்தில்நாதன் மித்ராபாபுவைக் கையமர்த்தி உட்கார வைத்தார்.

"எங்க பாஷையில பங்காளின்னா வங்காளி இல்லை. தகப்பன் வழிச் சொந்தம், சொத்துல பங்கு உள்ளவன். நீங்க 'ஞாதி'ன்னு சொல்வீங்களே, அது."

"ஞாதியா?" மித்ராபாபுவின் முகம் தெளிந்தது. "அப்படின்னா திறந்திருப்பான். எங்களுக்கும் பர்த்வான்ல ரெண்டு பேர் இருக்காங்க." அடுத்த கணமே நெற்றி சுருங்கியது. "அப்ப துரோகி உங்க குடும்பமா?"

அண்டை வீட்டார் மேல் விழுந்த பழியைத் துடைத்தாகிவிட்டது. அது இப்போது சொந்த வீட்டு வாசலில் கிடந்தது. செந்தில்நாதன் முத்துகிருஷ்ணன் பக்கம் விரலை நீட்டினார்.

"எங்க கிளை இல்லை. கிடர்பூர்க் கிளை."

முத்துகிருஷ்ணன் வாய்க்குக் கொண்டுபோன காப்பி பாதி வழியில் நின்றது.

"அண்ணாச்சி, அந்தச் சாவியில எங்களுக்கும் பாத்தியதை உண்டுன்னு முப்பது வருஷமா கேக்கேன். ஒரு வருஷமாவது எங்க வீட்டுல தொங்கட்டும்னு கேக்கேன். அதுக்கு இதா பதில்?"

"இருந்ததைத்தான் எழுதியிருக்கேன் தம்பி. அப்ப காவல்ல இருந்தது ரெண்டு கிளை. ஒண்ணு நாங்க. இன்னொண்ணு நீங்க. நாங்க திறக்கலை."

மித்ராபாபு அதற்குள் கைப்பேசியை எடுத்துக் குடியிருப்பு வாட்ஸப் குழுவுக்குத் தட்டச்சு செய்துவிட்டார். உரக்கப் படித்தும் காட்டினார்: "வதந்திக்கு மறுப்பு. கதவைத் திறந்தது வங்காளி அல்ல. கிடர்பூரில் வசிக்கும் உறவினரின் முன்னோர். அனுப்பட்டுமா?"

"அனுப்புங்க."

கீழ் மாடிகளில் ஒவ்வொன்றாக மணி அடித்தது. எங்கோ ஒரு கிழவியின் சிரிப்பும் கேட்டது. பூஜை நாற்காலி திரும்பி வந்துவிட்டது.

அந்தத் திருப்தியில் செந்தில்நாதன் எழுந்து சாவியருகே போய் நின்றார். எல்லாருக்கும் விளங்கட்டும் என்று வங்காள மொழியிலேயே சொன்னார்.

"பட்டத்து யானை மூணு நாள் முட்டியும் அசையாத கதவு, மித்ராபாபு. ஒரே பூட்டு, ஒரே சாவி. மாத்துச்சாவி செய்ய ராஜாவே அனுமதிக்கலை. அன்னிலேருந்து இன்னி வரைக்கும் இந்தச் சாவி எங்க கிளையை விட்டு ஒரு நாள்கூட வெளியே போனதில்லை. வேற யார் கையும் பட்டதில்லை."

"நான் தினம் தொடறேனே," என்றாள் மாலதி.

"உன்னைத் தவிர."

மாலதி சாவியைத் திருப்பி அதன் பல்லைத் துடைத்தாள்.

"அப்ப அந்த ஆள் எதைப் போட்டுத் திறந்தான், தாதாபாபு?"

செந்தில்நாதன் அவள் கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டார். சுப்புலக்ஷ்மி காப்பித் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

முத்துகிருஷ்ணன் மீதிக் காப்பியை நிதானமாகக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்தார்.

"மித்ராபாபு, இன்னொரு மறுப்பும் போட்டுடுங்க: வங்காளி திறந்தான்னதும் தப்பு, கிடர்பூர்க் கிளை திறந்துச்சுன்னதும் தப்பு, சாவி திறந்தவங்க வீட்டுலயேதான் இருக்கு, முத்துகிருஷ்ணன் இனிமே அதைக் கேக்க மாட்டான்."