பல் முளைத்த பட்டாளம்

மிகுந்த அன்புக்கும் அதைவிட மிகுந்த மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் உடம்பளவில் சுகம். மனசளவில் எப்படி என்பதைக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன். நீங்களும் என் மகளும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். விஷயம் இதுதான்: நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதற்கு நீங்கள் அனுப்பிய பிளாஸ்டிக் போர்வீரர் பெட்டியை, கோபம் எதுவும் இல்லாமல், முழு மனதோடு திருப்பி அனுப்புவதாக இருக்கிறேன். காரணத்தை வாயால் சொல்ல எனக்கு வராது. ஆகவே பொறுமையாகப் படிக்கவும்.

பெட்டி வந்த அன்று பிரித்தது உங்கள் அத்தைதான். உள்ளே சாம்பல் நிறச் சட்டம் ஒன்றில் கை தனியாக, கால் தனியாக, தலை தனியாகத் தொங்கியதைப் பார்த்துவிட்டு, "ஐயையோ, மாப்பிள்ளை ஆசையா அனுப்பினது வழியிலேயே நொறுங்கிப்போச்சுங்க!" என்று கத்தி, பார்சல்காரரைத் தெருமுனை வரை விரட்டிக்கொண்டு போய்க் கையோடு அழைத்து வந்துவிட்டாள். அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "அம்மா, இது உடைஞ்சது இல்ல, இன்னும் ஒட்டாதது" என்று விளக்கிவிட்டு, தண்ணீர் கூடக் குடிக்காமல் போனார். நாங்கள் மகளுக்குப் போன் போட்டோம். அவள்தான் விஷயத்தைச் சொன்னாள். "அப்பா, இங்க அலமாரி பூரா அவர் ஒட்டி, பெயிண்ட் அடிச்ச பொம்மைங்கதான். அவருக்கு உங்ககிட்ட என்ன பேசறதுன்னே தெரியலப்பா. இது ஒண்ணைப் பத்தித்தான் அவருக்குப் பேச வரும். அதான் அனுப்பினாரு."

அவள் சொன்னது உண்மைதான், மாப்பிள்ளை. கல்யாணம் ஆன நாளிலிருந்து நீங்கள் வரும்போதெல்லாம் நாம் இரண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்போம். "வண்டியில கூட்டமா?" என்பேன். "கூட்டம்தான் மாமா" என்பீர்கள். அதோடு சரக்கு தீர்ந்துவிடும். நான் எழுந்துபோய் ஏற்கெனவே தண்ணீர் ஊற்றிய தொட்டிச் செடிகளுக்கு மறுபடியும் ஊற்றுவேன், நீங்கள் பழைய பேப்பரை எடுத்து விளம்பரம் விடாமல் படிப்பீர்கள். உங்கள் மேல் குற்றம் இல்லை. என் வேலையே பேச்சில்லாத வேலை. பல் டாக்டர் அச்செடுத்து அனுப்புவார், நான் பின்னறையில் உட்கார்ந்து பல்செட் செய்வேன். வேலை செய்த காலம் முழுக்க எனக்கு எதிரே இருந்தது வெறும் பிளாஸ்டர் வாய்கள். அவற்றோடு பேசிப் பழகியவனுக்கு மனிதர்களோடு என்ன பேசத் தெரியும்? இருந்தாலும் அன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்தேன். இந்த வேலையைக் கற்றுக்கொண்டாவது மாப்பிள்ளையோடு நாலு வார்த்தை பேசிவிடுவது என்று.

ஆரம்பமே அமர்க்களம். வெட்டுவதும் அரம் போட்டுத் தேய்ப்பதும் எனக்குக் கை வந்த வேலை. பசைதான் பழி வாங்கியது. முதல் வீரனுடைய இடுப்பைப் பிடித்துக் காலை ஒட்டினேன், கால் ஒட்டவில்லை, இடுப்பு என் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது. அந்த நேரம் பார்த்துத்தானா வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்ட வேண்டும்? விரலில் காலில்லாத வீரனோடு போய்க் கதவைத் திறந்தேன். பெரிய மனிதர், எதுவும் கேட்கவில்லை. தண்ணீர்த் தொட்டி கழுவுவதைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார். ஆனால் பேசும்போது என் முகத்தைப் பார்க்காமல் வீரனைப் பார்த்தே பேசினார். அடுத்து, பெயிண்ட் அடிக்கும்போது பொம்மையைக் கையால் தொடக்கூடாது, ஒரு மூடியின் மேல் ஒட்டவைத்துப் பிடிக்க வேண்டும் என்று பெட்டிக்குள் இருந்த தாளில் போட்டிருந்தது. நான் வீட்டில் இருந்த மூடிகளையெல்லாம் திரட்டினேன். அன்று முதல் இந்த வீட்டில் இருமல் மருந்துக்கு மூடி இல்லை, தேங்காய் எண்ணெய்க்கு மூடி இல்லை, உங்கள் அத்தையின் முழங்கால் தைலம் ஆவியாகியே தீர்ந்துவிட்டது. நடுவில் ஒரு தலை வேறு தரையில் விழுந்து காணாமல் போக, நாங்கள் இருவரும் கட்டிலுக்கடியில் தவழ்ந்து தேடினோம். கடைசியில் அது உங்கள் அத்தையின் செருப்படியில் அகப்பட்டது. "ஏங்க, ரெண்டு நாளா ஏதோ குத்துதுன்னு நெனச்சேன், முள்ளுன்னு இருந்துட்டேன்" என்றாள். மூக்கு கொஞ்சம் சப்பை. அவனைப் பின்வரிசையில் நிறுத்தியிருக்கிறேன்.

பிறகு பிரைமர். பெயிண்ட் பிடிக்க வேண்டுமானால் முதலில் கறுப்பு பிரைமரைத் திறந்த வெளியில் வைத்து மெல்லிசாக அடிக்கச் சொல்லியிருந்தார்கள். மொட்டை மாடிக்குப் போனேன். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று விரலை நனைத்துப் பார்த்தெல்லாம் செய்தேன். ஆனால் நான் ஸ்பிரே டப்பாவை அமுக்கிய அந்த நொடியில் காற்றுக்கு மனசு மாறிவிட்டது. வீரர்கள் மேல் பாதி, மீசையிலும் தலையிலும் பாதி. கீழே இறங்கி வந்தேன். உங்கள் அத்தை கதவருகே நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். "பத்து வயசு கொறஞ்சு போச்சுங்க" என்றாள். அதைக் கழுவ அவள் விடவே இல்லை. அக்கம்பக்கத்தில் ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டு வந்து கழுவிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாள். மீசையில் கறுப்போடு போய் வந்தேன். நீங்கள் வெளியே சொல்ல வேண்டாம்.

பெயிண்டைத் தண்ணீர் சேர்த்து நீர்க்க அடிக்க வேண்டுமாம், மெல்லிய பூச்சாக இரண்டு முறை. நான் அவசரக்காரன், டப்பாவிலிருந்து எடுத்தபடியே அப்பினேன். முதல் வீரன் கம்பளி போர்த்திக்கொண்டு காய்ச்சலில் படுத்தவன் போல ஆனான். சரி என்று பிரஷ் கழுவ ஒரு குவளைத் தண்ணீர் வைத்துக்கொண்டேன். பக்கத்தில் உங்கள் அத்தை அதே மாதிரிக் குவளையில் காப்பி வைத்தாள். எதை எடுத்துக் குடித்தேன் என்பதை நீங்களே ஊகித்திருப்பீர்கள். அது பிரச்சினை இல்லை. குடித்துவிட்டு, "எனக்கு வித்தியாசமே தெரியலை" என்று சொன்னதுதான் பிரச்சினையாகிவிட்டது. இரண்டு நாள் வீட்டில் காப்பி இல்லை. பிரஷ் தண்ணீர் மட்டும் நிறைய இருந்தது.

இவ்வளவையும் தாங்கிக்கொண்டேன். என்னைக் கவிழ்த்தது பல். உங்கள் பெட்டியில் இருந்த வீரர்கள் எல்லோரும் போர்க்குரல் எழுப்பி வாயைப் பிளந்துகொண்டிருக்கிறார்கள். பிளந்த வாய்க்குள்ளே பார்த்தேன், வெறும் பள்ளம். ஒரு கோடு கிழித்துப் பல் என்று காட்டியிருக்கிறார்கள். எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்கள்? பொறுக்க முடியவில்லை. பரணிலிருந்து என் பழைய கருவிப் பெட்டியை இறக்கினேன். ஒவ்வொருவன் வாயையும் சுரண்டிச் சுத்தம் செய்து, ஈறு நிறப் பவுடரைக் குழைத்து ஈறு வைத்து, பூதக்கண்ணாடிக்குக் கீழே ஊசிமுனையால் பல் வரிசை கட்டினேன். சின்ன வயசுக்காரனுக்கு வெள்ளைப் பல், நடுவயசுக்காரனுக்கு லேசான மஞ்சள், தளபதிக்கு முன்பல் மட்டும் கட்டினது. எல்லாவற்றையும் மேஜையில் வரிசையாக நிறுத்திவிட்டு உங்கள் அத்தையைக் கூப்பிட்டேன். நெடுநேரம் பார்த்தாள். "ஏங்க, இவங்க சண்டைக்குப் போறாங்களா, கல்யாணத்துக்குப் போறாங்களா?" என்றாள்.

அவளுக்குத் தெரியாது, தெரிந்தவர்களிடம் காட்டுவோம் என்று, இங்கே சைக்கிள் கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடுகிற பொம்மைக்காரர் சங்கத்துக்கு எடுத்துப் போனேன். எல்லாம் நல்ல மனிதர்கள். தலைவர் லிப்ட் மெக்கானிக். தளபதியைக் கையில் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, வாய்க்குள் எட்டிப் பார்த்தார். "சார், இவரு சிரிக்கிறாரா, கடிக்கிறாரா?" என்று கேட்டார். "கத்துறாரு" என்றேன். "பல்லு உயிரோட இருக்கு சார். ஆனா ஆளு செத்துட்டாரே" என்றார். பார்த்தால், பல்லில் மும்முரமாக இருந்ததில் நான் மற்றதை மறந்துவிட்டேன். பாதிப் பேருக்குக் காலணிக்கு வண்ணம் இல்லை, ஒருவனுக்குக் கண்ணே வைக்கவில்லை, கண் வைத்தவர்கள் அத்தனை பேரும் ஒரே பக்கமாக ஓரக்கண்ணால் பார்க்கிறார்கள். சங்கத்தில் யாரும் கேலி செய்யவில்லை. டீ கொடுத்து, படியிறங்கும்போது கைபிடித்துவிட்டார்கள். கேலி செய்திருந்தால் கூடத் தேவலாம் போலிருந்தது.

அப்படியும் மனசு கேட்காமல்தான் உங்களுக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன். "நல்லா இருக்கு மாமா" என்று பதில் வந்தது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. நானும் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு சுற்றினேன், குளிக்கப் போகும்போது உங்கள் அத்தையிடம் கொடுத்துவிட்டுப் போனேன். மாப்பிள்ளை, என் தொழிலில் ஒன்று உண்டு. புதுப் பல்செட்டை மாட்டிக்கொண்டு, "இங்க இடிக்குது, அங்க உரசுது" என்று சண்டை போடுகிறவர் அதைக் கடைசிவரை போட்டுக்கொள்வார். "நல்லா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவர் வீட்டுக்குப் போனதும் அலமாரியில் வைத்துவிடுவார். உங்கள் பதிலைப் படித்ததும் எனக்கு விளங்கிவிட்டது. நாம் பேச இருந்த ஒரே வழியையும் நான் பல்லால் கடித்துத் துப்பிவிட்டேன். அதுதான் வருத்தம், வேறொன்றும் இல்லை. அடுத்த மாதம் நீங்கள் வரும்போது இந்தப் பட்டாளம் மேஜையில் நின்று பல்லைக் காட்ட, நாம் இருவரும் அதைப் பார்க்காத மாதிரி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்தாலே எனக்கு வேர்க்கிறது. ஆகவே பெட்டியைக் கட்டிவிட்டேன். நாளை அனுப்பிவிடுவேன். நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளாமல், வழக்கம்போல வந்து, வழக்கம்போல இருந்துவிட்டுப் போக வேண்டும்.

கண் பார்வை, கை நடுங்காமை, பல் வரிசை ஆகிய மூன்றும் உங்கள் இருவருக்கும் கடைசிவரை நிலைக்க ஆசீர்வதிக்கும்,

மாமனார்.

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது போன் அடித்தது. நீங்கள்தான் என்பது உங்களுக்கே தெரியும், ஆனாலும் எழுத ஆசையாக இருப்பதால் எழுதுகிறேன். "மாமா, அந்தப் பல்லை எப்படிப் பண்ணீங்க?" என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டீர்கள். போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி இத்தனை நாளும் பார்த்துக்கொண்டிருந்ததாகவும், என்னிடம் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் "நல்லா இருக்கு" என்று போட்டுவிட்டதாகவும் சொன்னீர்கள். நான் பல் கட்டுவதைச் சொன்னேன், நீங்கள் கண் வைப்பதைச் சொன்னீர்கள், உங்கள் அத்தை சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்து, ஆறிப்போனதும் எடுத்துக்கொண்டு போனாள். ஆகவே மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். பெட்டி வராது, கட்டை அவிழ்த்துவிட்டேன். பேச்சுக்கு நடுவில் "அப்பாகிட்ட ஒரு நிமிஷம் குடுங்க" என்று என் மகளின் குரல் கேட்டது. "குறுக்க பேசாதம்மா, நாங்க முக்கியமா பேசிட்டிருக்கோம்" என்று நான் இங்கிருந்து கத்தினேன், நீங்களும் அங்கே அதையே சொன்னீர்கள். கோபித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள் என்றீர்கள், வெளியே வந்தாளா என்று தெரியவில்லை. வந்திருந்தால் என் ஆசிகளைச் சொல்லிவிட்டு, ஈறுக்கு உங்களிடம் என்னென்ன சிவப்பு இருக்கிறது என்பதை உடனே எழுதுங்கள்.