பட்டி பார்த்தவர்

சித்திரை வெயிலில்கூட மங்கி குல்லா போட்டுக்கொண்டு திரிந்த ஒரே ஜீவன், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையிலேயே எங்கள் பட்டி மாஸ்டர்தான். போட்ட படத்தை விரல் முட்டியால் டொக் டொக் என்று தட்டி, காதை வைத்து, உள்ளே ஆள் இருக்கிறாரா என்று விசாரித்த ஓவியரும் அவர் ஒருவர்தான். கேலி செய்கிறேன் என்று நினைக்காதீர்கள். பக்கத்தில் நின்று நானும் காது வைத்துக் கேட்டிருக்கிறேன்.

எளாவூர் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம், நெடுஞ்சாலையை ஒட்டிய தகரக் கொட்டகையில் லாரிகளுக்குப் பெயின்ட் அடிப்பது அவர் தொழில். நசுங்கிய தகரத்தின் பள்ளத்தைப் பட்டி வைத்து நிரப்பி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்துச் சமன் செய்வதற்குப் பெயர்தான் பட்டி பார்ப்பது. மற்றவர்கள் அதை முடித்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். மாஸ்டர் மட்டும் அந்தப் ‘பார்ப்பது’ என்கிற சொல்லை அப்படியே நம்பிவிட்டார். பூசிய இடத்துக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்ப்பார்.

“அவனுங்க பட்டி பூசறானுங்க நைனா. நான் ஒருத்தன்தான் பட்டி பாக்கறேன்” என்பார் என்னிடம்.

ஒரு லாரி ஓனர் கதவில் ரோஜாப்பூ வரையச் சொல்லிவிட்டுப் போனார். மூன்று நாள் கழித்து வந்தவருக்குத் தலை சுற்றியது.

“இன்னாய்யா இது? ஈரம் ஏறுன செவுரு மாறி கீது! பூ எங்க?”

“பூ வர்ல. வேற யாரோ வந்துக்கினு கீறாங்க. கொஞ்சம் பொறு.”

ஓனர் பொறுக்கவில்லை. கதவே இல்லாமல் வண்டியை ஓட்டிக்கொண்டு போனவர், கதவைத் திருப்பிக் கேட்டு ஆள் அனுப்பவும் இல்லை.

நான் அப்போது பக்கத்து உருக்காலையில் ஸ்டோர் கீப்பர். மாஸ்டருக்கு வேண்டிய கழிவெல்லாம் என்னிடமிருந்துதான் போகும். லாரி வேலை இல்லாத நேரத்தில் அவர் படம் போடும் முறை இதுதான். ப்ளைவுட் பலகையில் முதலில் யாராவது உடுத்திக் கழித்த பொருள் ஒன்றை ஒட்டுவார். அதன்மேல் சாக்கு, இரும்புத் தூள், அத்திப்பட்டுப் பக்கத்திலிருந்து வரும் நிலக்கரிச் சாம்பல் என்று பசையில் குழைத்து அப்புவார். அப்புறம் பட்டி, பெயின்ட், மறுபடி பட்டி. உப்புத் தண்ணீர் தெளித்துத் துருப்பிடிக்க விடுவார். கடைசியாக உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பிப்பார். போட்டதையெல்லாம் எடுப்பதுதான் அவருக்குப் படம்.

“என்ன வரும் மாஸ்டர்?”

“தெரிஞ்சா நான் எதுக்கு தேய்க்கறேன்?”

ஒருமுறை ஸ்டோரில் கிடந்த பழைய கிளவுஸ் ஒன்றைக் கொடுத்தேன். யாருடையது என்று எனக்கும் தெரியாது. தேய்த்து முடித்தபோது சாம்பலும் துருவுமாக ஒரு திட்டு, அவ்வளவுதான். ஆனால் வேடிக்கை பார்க்க வந்த எங்கள் கிரேன் ஆபரேட்டர் ஏசுதாஸ் டீ கிளாஸைக் கீழே போட்டுவிட்டான். “சார், இந்தக் கோணத் தாடை... நம்ம பழைய ஃபோர்மேன் சார்!”

ஃபோர்மேன் ரிட்டையராகிக் கடம்பத்தூருக்குப் போனவர். விசாரித்தோம். முந்தின வாரம்தான் தவறியிருந்தார். மாஸ்டர் அசரவில்லை. பலகையைத் தட்டினார். “கெட்டியா கீது. ஆளு உள்ள வந்துட்டாரு.”

ஏசுதாஸ் அப்போதே தன் கைக்குட்டையையும் ஒட்டித் தேய்க்கச் சொன்னான். ஒன்றும் வரவில்லை. தட்டினால் வெற்று டப்பா மாதிரி ஒலித்தது. “காலி. நீ இன்னும் வெளியதான் சுத்திக்கினு கீற, போ.”

அதற்கப்புறம் எங்கள் ஆலையில் ஒருவனும் கிளவுஸைத் தொலைக்கவில்லை. என் நிர்வாகத் திறமையை மேனேஜர் மீட்டிங்கில் பாராட்டினார்.

கொட்டகைக்கு எதிரில் டீக்கடை வைத்திருந்தார் மல்லிகா அக்கா. லாரி ஓட்டப்போன அவர் வீட்டுக்காரர் ஒடிசாப் பக்கத்திலிருந்து ஒரு போன் பண்ணினதோடு சரி. மூன்று வருஷமாகத் தகவல் இல்லை. ஒருநாள் அக்கா அவருடைய காக்கிச் சட்டையோடு வந்தார்.

“அண்ணாத்தே, ஆடி அமாவாசைக்குக் காரியம் பண்ணிடலாம்னு எங்கூட்டு ஆளுங்க ஒரே பேஜாரு. தாலிய எறக்குன்றாங்க. ஆளு கீறாரா இல்லியான்னு தெரியாம நான் எப்டி எறக்குவேன்? நீ பாத்து சொல்லு.”

“வேணாம்மா. இது வெளாட்டு இல்ல.”

“வெளாடவா வந்தேன்?”

மாஸ்டர் சட்டையை வாங்கிக்கொண்டார். அமாவாசைக்கு முந்தின நாள் மத்தியானம், வெயில் தகரத்தில் படபடக்க, தேய்த்தார். அக்கா இரண்டடி தள்ளி, கண்ணை மூடி நின்றார். சாம்பலுக்குள்ளிருந்து முதலில் ஒரு தோள் மாதிரி வந்தது. பிறகு, சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு காது. மாஸ்டர் தட்டினார். மரக்கட்டையைத் தட்டினதுபோல் கெட்டியாகக் கேட்டது.

மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “காலிம்மா. ஆளு எங்கியோ கீறாரு. போய் டீ போடு.” அக்கா கண்ணைத் திறப்பதற்குள் காதின்மேல் பட்டி ஏறியிருந்தது; மாஸ்டரின் முகம் மட்டும் இன்னும் அந்தப் பக்கமே திரும்பியிருந்தது.

காரியம் நின்றது. அக்கா அன்று ஊருக்கே இலவசமாக டீ கொடுத்தார்.

“மாஸ்டர், நான் காதைப் பார்த்தேனே” என்றேன் தனியாக.

“நானும்தான் பாத்தேன்” என்றார். பட்டித் தகட்டைத் துடைத்து வைத்துவிட்டு, “என் கண்ணு தப்பா இருந்துச்சின்னா எவ்ளோ நல்லாருக்கும்” என்றார்.

மறுநாள் காலையில் வடக்கே போகிற லாரி ஒன்றில் ஏறிவிட்டார். ஒடிசா எந்தத் திசை என்று அவருக்குத் தெரியுமோ என்னவோ. மங்கி குல்லாவைக் கழற்றி அக்காவிடம் கொடுத்து, “போய் பாத்துட்டு வரேன். வந்து வாங்கிக்கறேன்” என்றாராம். அந்தத் தலையில் முடியே இல்லை என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

இரண்டு மழைக்காலம் போயிற்று. போன மாதம் அக்கா அந்தக் குல்லாவோடு என் முன்னால் வந்து நின்றார்.

“ஸ்டோர் சார், நீங்கதான் அவர் கூடவே இருந்தீங்க. பாத்து சொல்லுங்க.”

பூட்டிக் கிடந்த கொட்டகையைத் திறந்து, பலகையில் குல்லாவை ஒட்டி, சாம்பலும் பட்டியுமாக ஏற்றி, ஒரு வாரம் காயவிட்டுத் தேய்த்தேன். இந்தமுறை அக்கா கண்ணை மூடவில்லை. ஆனால் பலகையைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒட்டிய கன்னம் ஒன்று மெல்ல வந்தது. பிறகு அந்த மொட்டை மண்டை. தட்டினேன். கெட்டியாகக் கேட்டது.

“காலிக்கா” என்றேன், வேறு பக்கம் திரும்பி. “எங்கேயோ இருக்கிறார்.”

அக்கா கீழே கிடந்த உப்புத்தாளை எடுத்து ஓரமாக வைத்தார். “அண்ணாத்தையும் அன்னிக்கு இப்டித்தான் மூஞ்சத் திருப்பிக்கினு சொன்னாரு, சார்” என்றார். பிறகு டீ போடப் போனார்.

நான் பட்டியைக் குழைத்து முகத்தை மூடினேன். காதுப் பக்கம் மட்டும் இரண்டு கோட் அதிகமாக வைத்தேன். குளிர் தாங்காத மனுஷன்.