புளித்தண்ணீரில் ஓர் இரும்புச் சிலுவை

புளி ஊறிவிட்டது. கரைத்ததும் அதில் முதலில் விழப்போவது கெய்சர் காலத்து ஜெர்மனியின் இரும்புச் சிலுவை என்பது பலராமனுக்குத் தெரியும். முத்தியால்பேட்டையில் உள்ள மாமியார் வீட்டில் ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் அதுதான் வழக்கம்.

அமுதவல்லியைக் கட்டிய நாளிலிருந்து அவர் இந்தக் கொடுமையைப் பார்த்துவருகிறார். வேறு மருமகனாக இருந்தால் சுண்டலைச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருப்பான். பலராமனோ பழைய ஜெர்மானிய ராணுவப் பதக்கங்களைச் சேகரிப்பவர். பிரஷ்யா, பவேரியா, சாக்சனி என்று தன் லாஸ்பேட்டை வீட்டில் வகைபிரித்து அடுக்கியிருக்கிறார்.

"எவனோ சண்டை போட்டு வாங்குனதுக்கு இவரு ஷோகேஸ் வாங்குறாரு," என்பாள் அமுதவல்லி.

அவருடைய சாவிக்கொத்தில் ஒரு காந்தம் தொங்கும். அசல் சிலுவைக்கு நடுவில் இரும்பு, காந்தம் கவ்விக்கொள்ளும். போலியை ஈயத்தில் வார்த்திருப்பார்கள், காந்தம் கண்டுகொள்ளாது. அந்தக் காந்தத்தால் ஊரில் பலருடைய பெருமையை அவர் கலைத்திருக்கிறார். மாமியார் வீட்டுச் சிலுவைக்கு மட்டும் அதை வைத்ததில்லை. தொட விடமாட்டார்கள் என்பது ஒரு காரணம். விட்டாலும், கட்டிய தாலியை உரைகல்லில் தேய்த்துப் பார்ப்பதுபோல் இருக்குமே.

சிலுவை, மாமனாரின் தாத்தா கொண்டுவந்தது. அவர் சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து முதல் உலகப் போருக்குப் போனவர். ஒரு ஜெர்மானியனின் நெஞ்சிலிருந்து அதைப் பிடுங்கினார் என்பது குடும்பக் கதை. பலராமனின் கல்யாணத்தின்போது அந்த ஜெர்மானியன் சாதாரணச் சிப்பாய். தீபாவளிக்குத் தீபாவளி பதவி உயர்ந்து, இப்போது ஜெனரல் ஆகிவிட்டான்.

அவன் பெயர் என்ன என்று அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. பலராமன் மட்டும் நினைத்துக்கொள்வார். லீவில் போனபோது அதை அவன் அம்மாவிடம் காட்டியிருப்பான். அவள் முந்தானை போன்ற எதிலாவது துடைத்துக் கொடுத்திருப்பாள். சேறும் வியர்வையும் விரல் பட்ட தடமும் அந்தக் கறுப்பில் படிந்திருக்கும். அந்த மனிதனில் மிச்சம் அவ்வளவுதான். அதையும் புளி தின்றுகொண்டிருந்தது.

முதல் வருஷம் எடுத்துச் சொல்லிப் பார்த்தார்.

"அத்தை, அது அழுக்கு இல்ல. காலம் படிஞ்சிருக்கு. அதான் அதுக்கு மதிப்பே."

மாமியார் தனக்கொடி நிமிர்ந்து பார்க்கவில்லை. "அழுக்குக்கு ஒரு பேரு வெச்சிட்டா அழுக்கு இல்லன்னு ஆயிடுமா, மாப்ள?" என்றவர், செங்கல் தூளையும் சேர்த்துக்கொண்டார்.

அடுத்த வருஷம், "குடுங்க அத்தை, நானே தேய்க்கிறேன்" என்றார். மாமியார் நெகிழ்ந்துபோய் வீட்டுப் பித்தளை முழுவதையும் அவர் முன் இறக்கிவிட்டு, சிலுவையை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டார். "இது சாமிகூட இருக்கிற பொருளு. இத நான்தான் தேய்க்கணும்." அன்றிலிருந்து குத்துவிளக்கு தேய்ப்பது பலராமனின் நிரந்தரப் பதவி.

இத்தனை வருஷப் புளிக்கும் சிலுவையில் ஒரு பொட்டுத் துரு இல்லை. ஜெர்மன் இரும்பு என்றால் ஜெர்மன் இரும்புதான் என்று குத்துவிளக்கைத் தேய்த்தபடி அவர் வியந்துகொள்வார்.

இந்த வருஷம் ஏற்பாட்டோடு வந்திருந்தார். முல்லா வீதியில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் அன்வருதீனிடம் ஒரு போலிச் சிலுவை வாங்கியிருந்தார்.

"போலி வேணும்னு நீங்க கேட்டு இப்பதான் சார் பாக்குறேன். ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார் அன்வருதீன்.

"ஒரு நல்ல காரியத்துக்கு, பாய்."

"போலி வாங்குறவங்க எல்லாரும் அதான் சார் சொல்றாங்க."

பூஜை அறைக்குள் நுழைய நேரம் பார்த்துப் பலராமன் கூடத்தில் நின்றார். தோட்டத்துப் பக்கம் மாமியாரும் மச்சினன் மனைவி துர்காவும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அத்தை, உங்க செயினு கறுத்துப்போச்சி."

"கவரிங்தானே. புளித்தண்ணில ஒரு அலசு அலசிக் குடு. நாலு பேரு வந்து போற வீட்ல அசல் எதுக்கு? அது பாட்டுக்கு லாக்கர்ல தூங்கட்டும்."

அந்தப் பேச்சு முடிவதற்குள் பலராமன் உள்ளே போய்த் திரும்பிவிட்டார். சாமி படத்தின் கீழ் இருந்த சிலுவை இப்போது அவர் சட்டைப்பையில். அந்த இடத்தில் அன்வருதீன் கடைச் சரக்கு, சந்தனப் பொட்டோடு.

சற்று நேரத்தில் தனக்கொடி அதைப் புளியில் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்தார். பலராமன் குத்துவிளக்கின் கழுத்தைத் துலக்கியபடி பார்த்துக்கொண்டிருந்தார். வாய் திறக்கவில்லை. சிரித்தும்விட்டார் போலிருக்கிறது.

"என்ன மாப்ள, இந்த வருஷம் ஒண்ணுமே சொல்லல?"

"நீங்க தேய்ங்க அத்தை. நல்லா அழுத்தித் தேய்ங்க."

மாமியார் கை ஒரு கணம் நின்றது. பிறகு தேய்ப்பு தொடர்ந்தது.

பூஜைக்கு உறவினர் கூடிவிட்டார்கள். தையல் மெஷின், ஸ்கூட்டர், அரிவாள்மணை என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாகிவிட்டது. பொரி சுண்டலுக்கு அன்வருதீனும் வந்திருந்தார். கற்பூரம் காட்டியதும் தனக்கொடி, வெற்றிலைத் தட்டில் சிலுவையை வைத்து எடுத்து வந்தார்.

"எல்லாரும் இருக்கிறப்பவே சொல்லிடறேன். வருஷா வருஷம் இத வெச்சி எங்கிட்ட மல்லுக்கு நின்னாரு மாப்ள. இன்னிக்கு ஒரு வார்த்த பேசல. பொறுமை வந்துடுச்சி. பொறுமை வந்தவருகிட்டதான் இருக்கணும் இது. எடுத்துக்குங்க மாப்ள."

யாரோ கைதட்டினார்கள். தான் வாங்கிவந்த போலியைத் தானே சீதனமாக வாங்கிக்கொண்ட மருமகன் உலகத்தில் வேறு எவனும் இருக்க முடியாது. அன்வருதீன் ஒரு கைப்பிடிப் பொரியை வாயில் போட்டு மூடிக்கொண்டார்.

"மரம் மாதிரி நிக்கிறீங்களே. வாங்கிக்கிட்டு அம்மா கால்ல விழுங்க," என்றாள் அமுதவல்லி.

வாங்கினார். விழுந்தார். சட்டைப்பையிலிருந்து இன்னொரு சிலுவையும் விழுந்தது.

மொசைக் தரையில் அது சறுக்கிக்கொண்டு, மாமியாரின் மெட்டிக்கு அருகில் போய் நின்றது.

"இது என்னா?" என்றார் தனக்கொடி.

"அதான் அத்தை அசலு." பலராமன் எழுந்திருக்கவில்லை. "திருடணும்னு எடுக்கல. புளிகிட்டருந்து காப்பாத்தத்தான். கையில இருக்கிறது நான் வெச்ச போலி."

"ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்குது. எது அசல்னு எப்டி நம்புறது?" என்றாள் அமுதவல்லி.

"காந்தம் எதுக்கு இருக்குது?" என்றார் அன்வருதீன். வாய்க்குள் இருந்த பொரியோடு அந்தக் கேள்வியையும் விழுங்கியிருக்கலாம்.

பலராமன் சாவிக்கொத்தை எடுத்தார். கையிலிருந்த சிலுவையில் காந்தம் ஒட்டவில்லை. சரி. தரையில் கிடந்ததை எடுத்து அதில் வைத்தார். காந்தம் வழுக்கிக்கொண்டு விழுந்தது.

மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது.

சுவரில் சொல்தா தாத்தா படத்துக்குள் மீசையோடு நின்றுகொண்டிருந்தார். அவர் போர், அவர் வீரம், அவர் பிடுங்கிய ஜெனரல், அந்த ஜெனரலின் அம்மா என்று எல்லாமே ஈயமாக உருகுவதைப் பலராமன் பார்த்தார். இந்த வயதில் இந்த அம்மாளுக்கு இது தேவையா? வாழ்க்கையில் முதன்முறையாக, ஒரு பதக்கத்தைப் பற்றி அவர் பொய் சொன்னார்.

"காந்தம் வீக்காயிடுச்சி அத்தை. பழசு. இது அசலுதான், நான் சொல்றேன்."

சொல்லிக்கொண்டே சாவிக்கொத்தைத் தூக்கிப் பக்கத்தில் போட்டார். அரிவாள்மணை, டக்கென்று காந்தத்தைப் பிடித்துக்கொண்டது.

தனக்கொடி கழுத்தில் கிடந்த கவரிங் செயினைச் சரிசெய்துகொண்டு சாமி படத்தைப் பார்த்தார். சுண்டல் கிண்ணங்களோடு வந்த துர்கா, தரையில் கிடந்தவரையும் இரண்டு சிலுவைகளையும் பார்த்துவிட்டுக் குனிந்து ஒரு கிண்ணத்தை அவர் கையில் கொடுத்தாள்.

"அசலை யார்னா புளி போட்டுத் தேய்ப்பாங்களாண்ணே?"