பெட்ரோல் டாங்கின் மேல் இரண்டு கால்

மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குள்ளே 'நாய் விஷயம் தெரிந்தவர்' என்று ஒரு தனி இனம் இருக்கிறது. பார்த்ததே இல்லை என்று நீங்கள் சொன்னால் நான் நம்பமாட்டேன். கல்யாண வீட்டிலோ, ஆஸ்பத்திரி வராந்தாவிலோ, பஞ்சர் கடை வாசலிலோ, யாராவது ஒரு அப்பாவி "நேத்து ஒரு நாய் வண்டிக்குக் குறுக்கே வந்திடுச்சுப்பா" என்று வாயைத் திறந்தால் போதும். மூன்று ஆள் தள்ளி உட்கார்ந்திருக்கிற ஒருவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து, தொண்டையைச் செருமி, "நீங்க என்ன பண்ணீங்க, அதை முதல்ல சொல்லுங்க" என்பார். அந்த ஆள் என்ன பண்ணியிருந்தாலும் தப்பு. வேகமாகப் போனாரா? தப்பு. மெதுவாகப் போனாரா? அதைவிடத் தப்பு. நின்றுவிட்டாரா? "நல்லவேளை, உயிரோட இருக்கீங்க."

இந்த இனத்தில் பல கிளைகள் உண்டு. தூரத்தில் வாலைப் பார்த்ததுமே ஹாரனை அமுக்கி, தூங்கிக்கொண்டிருந்ததை எழுப்பி, எழுந்தபிறகு "பார்த்தியா, வருது" என்கிறவர் ஒரு கிளை. ஓடுகிற வண்டியிலிருந்தே கல் எடுக்கிற மாதிரி குனிகிறவர் இன்னொரு கிளை. என் இரண்டாவது பெரியப்பாவின் மூத்த தாரத்துப் பிள்ளை அப்படித்தான் குனிந்தார். நாய் ஏமாறவில்லை, எதிரே இருந்த பால் வண்டியும் ஏமாறவில்லை. பதிலுக்குக் குரைக்கிறவர்களும் இருக்கிறார்கள். என் சித்தியின் நாத்தனார் புருஷன் ஒரு பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர். ஹெல்மெட்டுக்குள்ளே இருந்து அவர் குரைப்பார். யாருக்கும் தெரியாது என்று அவர் நினைப்பு. ஆறாம் வகுப்பு முழுவதற்கும் தெரியும்.

ஆனால் இவர்களெல்லாம் பொடி. நான் சொல்லவந்தது எங்கள் மாப்பிள்ளையைப் பற்றி.

என் அக்காள் மகளின் புருஷன். லிஃப்ட் மெக்கானிக். பதினோராவது மாடியில், கீழே வெறும் கிணறு மாதிரி இருட்டு, அதில் ஒரு பெல்ட்டில் தொங்கிக்கொண்டு "மாமா, அந்த ஸ்பேனரை எடுத்துப் போடுங்க" என்று சிரிப்பார். அப்பேர்ப்பட்ட ஆள் தரையில் இறங்கி வண்டியை எடுத்தால் போதும், கண் நாலு பக்கமும் அலையும்.

"பயமா மாப்பிள்ளை?" என்று கேட்டுவிடாதீர்கள். நான் ஒருமுறை கேட்டேன்.

"பயமா? எனக்கா? மாமா, நாய்க்கு நம்ம மனசு தெரியும். நம்ம மனசுல என்ன இருக்கோ அதுதான் அதோட பல்லுல இருக்கும்."

"அப்ப உங்க மனசுல என்ன இருக்கு?"

"அதை விடுங்க."

அவருடைய முறை இதுதான். கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள், பின்னால் உபயோகப்படும். தினமும் காலையில் பழைய பேப்பரைச் சதுரமாகக் கிழித்து, ஒவ்வொன்றிலும் இரண்டு பிஸ்கட் வைத்து, காற்றில் சிதறாதபடி இறுக்கிச் சுருட்டி, நாலு பொட்டலம் செய்து, மழைக்கோட்டின் இடது பாக்கெட்டில் போடுவார். மழை கிடையாது, வெயில் மண்டையைப் பிளக்கும், இருந்தாலும் கோட்டு. ஏன் என்றால் பாக்கெட் ஆழம். அவர் வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு இறக்கம், இறக்கத்தின் முடிவில் ஒரு வளைவு, வளைவில் ஒரு தையல்கடை, தையல்கடை வாசலில் காது மடங்கின பழுப்பு நாய் ஒன்று. வளைவுக்கு நாற்பது அடி இருக்கும்போதே கியரை நியூட்ரலில் தள்ளுவார். பிறகு இரண்டு காலையும் தூக்கிப் பெட்ரோல் டாங்கின் மேல் வைத்துக்கொள்வார். இடது கையால் பொட்டலத்தை எடுத்து வீசுவார். நாய் அதன் பின்னால் ஓடும். இவர் சறுக்கிக்கொண்டு போய்விடுவார்.

காலில் இருக்கிற பிரேக்கைக் காலே விட்டுப் போயாகிவிட்டது. கியர் இல்லை. ஒரு கை நாய்க்கு. வண்டியை நிறுத்த மிச்சம் இருப்பது வலது கையில் நாலு விரல். இதைத்தான் அவர் 'பாதுகாப்பு' என்பார்.

"ஏன் மாப்பிள்ளை, எல்லாரும் சும்மாத்தானே போறாங்க?"

"போறாங்க. என்னைக்காவது ஒருநாள் மாட்டுவாங்க. அன்னைக்கு என்னை நினைப்பாங்க."

சரி. இப்போது அத்தான் கதைக்கு வருகிறேன்.

அத்தான் என்றால் என் அக்காள் புருஷன், மாப்பிள்ளைக்கு மாமனார். சோப்பு ஃபாக்டரியில் முப்பத்துநாலு வருஷம். எடை போடுகிற இடத்தில் ஆரம்பித்து, லோடு அனுப்புகிற இடத்தில் முடித்தார். கடைசி நாள் சாயந்திரம் நாலு மணிக்கு அவருக்கு ஒரு கூட்டம். மாலை, கேக், மேனேஜர் பேச்சு, பிறகு அத்தான் பேச்சு. அத்தான் வேலையில் இருந்தவரை மேனேஜர்கள் முன்னால் வாயைத் திறந்ததில்லை. திறக்க நினைத்தது ஒரே விஷயத்துக்குத்தான். பேக்கிங் அறையில் பதினாலு பெண்கள் காலை எட்டிலிருந்து நின்றுகொண்டே சோப்பைச் சுற்றுகிறார்கள். உட்கார ஒரு ஸ்டூல் கிடையாது. மூன்று மேனேஜர் மாறியாகிவிட்டது, கேட்க ஆளில்லை. "கடைசி நாள் எல்லார் முன்னாலயும் கேட்டுடறேன் மச்சான். அன்னைக்கு என்னை என்ன பண்ணிடுவாங்க? வேலையை விட்டா தூக்கிடுவாங்க?" என்று சொல்லி, பேச்சைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தார். அக்காள் முன்னால் ஒன்பது தடவை பேசிப் பார்த்தார்.

கடைசி நாள் காலை, பத்தாவது தடவையில் பல்செட் கீழே விழுந்து விரிசல் விட்டது.

பல்செட் இல்லாமல் அத்தான் பேசினால் பாதி காற்று, பாதி எச்சில். 'ஸ்டூல்' என்பது சைக்கிள் ட்யூபில் காற்றுப் போகிற சத்தம் மாதிரி வரும். கேட்கிறவர்கள் சிரிப்பார்களே தவிர, கேட்டதைக் கொடுக்கமாட்டார்கள். பல் கட்டுகிறவர் "மூணு மணிக்கு வாங்க, ரெடியா இருக்கும்" என்றார். யார் போவது? மாப்பிள்ளை மார்பைத் தட்டினார். துணைக்கு நான் பின்னால்.

பல் கட்டுகிறவர் நல்ல மனுஷன். செட்டை ஒரு சின்ன நீலப் பெட்டியில் வைத்து, பெட்டியைப் பழைய பேப்பரில் சுற்றி, இறுக்கிக் கொடுத்தார். மாப்பிள்ளை அதை வாங்கி, ஆழமான பாக்கெட்டில் போட்டார்.

ஆமாம். அதே பாக்கெட்.

இப்போது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளைக்கும் தெரியவில்லை. ஃபாக்டரிக்கும் அதே வழிதான். இறக்கம் வந்தது. கியர் போனது. கால் ஏறியது. கை பாக்கெட்டுக்குள் போனது. வீசுகிறபோது அவர் கையைப் பார்க்கிற வழக்கம் கிடையாது, கண் முழுவதும் நாயின்மேல்தான் இருக்கும். பொட்டலம் வெயிலில் சுழன்றுகொண்டு போய், தையல்கடை வாசலில் 'டக்' என்று விழுந்தது.

பிஸ்கட் அப்படி விழாது.

"மாப்பிள்ளை, பல்லு!"

அவர் வலது கையின் நாலு விரலையும் சேர்த்து அழுத்தினார். முன்சக்கரம் மட்டும் நின்றது; மற்றதெல்லாம் நிற்கவில்லை. தையல்கடை வாசலில் வெட்டுத்துணி அடைத்த மூட்டைகள் கிடந்ததால் பிழைத்தோம். வண்டி ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. நான் ஒரு மூட்டைமேல். மாப்பிள்ளை இன்னொரு மூட்டைமேல் மல்லாந்து கிடந்தார். கால் இரண்டும் அப்போதும் மேலேதான் இருந்தன.

காது மடங்கினது பேப்பரைக் கிழித்தது. பெட்டியை மோந்தது. ஒரு தடவை புரட்டிப் பார்த்தது. பிறகு அதை வாயில் கவ்விக்கொண்டு நேராக மாப்பிள்ளையிடம் வந்து நின்று, 'இன்னைக்கு என்னய்யா இது?' என்று கேட்கிற மாதிரி அவர் முகத்தையே பார்த்தது.

"மாமா... துரத்துங்க மாமா."

"துரத்தினா பெட்டியோட ஓடிடும்."

"அப்ப கூப்பிடுங்க."

"கூப்பிட்டா கிட்ட வருமே?"

"வேணாம்! கூப்பிடாதீங்க!"

தையல்கார அம்மா மெஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்தார். கழுத்தில் அளவு டேப். எங்களைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், இடுப்பில் கையை வைத்துக்கொண்டார்.

"ஓ, நீங்கதானா அந்தப் பிஸ்கட்காரர்?"

"இந்த நாயைக் கட்டிப்போடக் கூடாதாம்மா? வர்றவன் போறவனையெல்லாம் துரத்துது!" என்றார் மாப்பிள்ளை, படுத்தபடியே.

"யாரைத் துரத்துது? காலையிலேருந்து இந்த வழியா எத்தனை வண்டி போகுது, தலையைத் தூக்கிப் பார்க்குதா கேளுங்க. உங்க வண்டிச் சத்தம் மேட்டுல கேட்டாத்தான் எழுந்திரிக்கும். நீங்கதானே பழக்கிவிட்டீங்க? ஞாயித்துக்கிழமை நீங்க வராட்டி சாயந்திரம் வரைக்கும் ரோட்டையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கு. எனக்கே பாவமா இருக்கும்."

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். மாப்பிள்ளை வானத்தைப் பார்த்தார்.

அந்த நாய் இத்தனை நாளும் பின்னால் ஓடிவந்தது கடிக்க இல்லை. வாங்க. அவர் பயந்து பயந்து வீச, அது நம்பி நம்பி வர, அது வருகிறதே என்று இவர் மறுபடி வீச, இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு வருஷமாகச் சம்சாரம் நடத்தியிருக்கிறார்கள்.

"பிஸ்கட்டைக் கையில வச்சு நீட்டுங்க. பெட்டியை விட்டுடும்" என்றார் அந்த அம்மா.

"நீங்க குடுங்களேன்."

"எங்கிட்ட வாங்காது. நீங்கதான் அதுக்குப் பழக்கம்."

"மாமா, நீங்க..."

"மணி மூணு இருபத்தஞ்சு மாப்பிள்ளை. அங்க உங்க மாமனார் வாயை மூடிக்கிட்டு உக்காந்திருக்காரு."

இதைத்தான் நான் என்றைக்கும் மறக்கமாட்டேன். பதினோராவது மாடியில் தொங்குகிற அந்த மனுஷன், பாக்கெட்டிலிருந்து பொட்டலத்தை எடுத்து, பேப்பரைப் பிரிக்க முடியாமல் பல்லால் பிரித்து, இரண்டு கண்ணையும் இறுக்க மூடிக்கொண்டு, கையை நீட்டினார். காது மடங்கினது பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தது. பிஸ்கட்டை வாங்கியது. விருந்துக்கு வந்த சம்பந்தி மாதிரி, அவ்வளவு மரியாதையாக. பிறகு தன் இடத்துக்குப் போய்ப் படுத்துக்கொண்டது.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு. கண்ணைத் திறங்க."

பெட்டியின் மூடியில் நாலு பல் பதிந்திருந்தது. உள்ளே அத்தான் பல் முழுசாக இருந்தது. கழுவினோம். தையல்கடைக் குழாயில் ஒருமுறை, ஃபாக்டரி வாசலில் இரண்டுமுறை. சோப்பு ஃபாக்டரியில் சோப்புக்கா பஞ்சம்? கூட்டம் நடக்கிற அறைக்குள் நுழைந்தபோது மேனேஜர் பேசி முடித்து, எல்லாரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். அத்தான் முந்தானை மாதிரி துண்டால் வாயை மறைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தார். செட்டை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை வாயை அசைத்தார்.

"என்ன மச்சான், என்னமோ வாசம் வருது?"

"புதுசா ஒட்டினா அப்படித்தான் இருக்கும் அத்தான். பேசுங்க."

பேசினார். 'ஸ்டூல்' என்கிற வார்த்தை அந்த அறையில் அவ்வளவு சுத்தமாக அதற்கு முன் ஒலித்திருக்காது. கேக் வெட்டுகிற கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு மேனேஜர் தலையை ஆட்டினார். பதினாலு பெண்களும் பின்னால் நின்றுகொண்டே கை தட்டினார்கள். அடுத்த மாதம் ஸ்டூல் வந்தது. எட்டு. மிச்சம் ஆறுக்கு யார் ஓய்வு பெறவேண்டுமோ தெரியவில்லை.

உண்மையை அத்தானிடம் இன்றுவரை நாங்கள் சொல்லவில்லை. இதைப் படிக்கிறவர்கள் யாராவது அவரைத் தெரிந்தவர்களாக இருந்தால் தயவுசெய்து நீங்களும் சொல்லாதீர்கள்.

இனி மாப்பிள்ளை திருந்தியிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? அன்று சாயந்திரமே, கேக் தட்டோடு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, லோடு ஏற்றுகிற ஆட்கள் நடுவில் உட்கார்ந்தார். என் காதால் கேட்டேன்.

"நாயை எப்பவும் கண்ணைப் பார்க்கக் கூடாதுங்க. நாம கண்ணை மூடிக்கணும். கையை நீட்டணும். அது தானா வழிக்கு வரும். அனுபவத்துல சொல்றேன்."

அவர்கள் ஆவென்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் இரண்டு பேரிடம் மோட்டார் சைக்கிள் இருக்கிறது. கடவுள்தான் காப்பாற்றவேண்டும், அவர்களை அல்ல, எதிரே வருகிறவர்களை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் தெரு முனையிலும் ஒரு நாய் இருக்கும், அது உங்களை மட்டும்தான் துரத்துகிறது என்று நீங்களும் வீட்டில் சொல்லியிருப்பீர்கள், அதற்கென்று ஒரு முறையும் வைத்திருப்பீர்கள். அந்த முறையால்தான் இத்தனை நாள் பிழைத்தோம் என்று நம்பிக்கொண்டும் இருப்பீர்கள். நான் மட்டும் என்ன யோக்கியம்? தையல்கடை வாசலில் அந்த நாய் பெட்டியோடு வந்தபோது, மாப்பிள்ளைக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்த என் கால் இரண்டும் எப்போது மூட்டைமேல் ஏறின என்று எனக்கே தெரியாது.

சந்தேகமாக இருந்தால் ஒன்று செய்யுங்கள். அந்த நாய் பெட்டியோடு நேராக வருகிற இடத்தை இன்னொருதரம் படியுங்கள். படித்துவிட்டுக் கொஞ்சம் குனிந்து, உங்கள் கால் தரையில்தான் இருக்கிறதா என்று பாருங்கள்.