லேப் டிப் அண்ணனும் என் புருவ சீரமும்

திருப்பூரில் எதையும் எடுத்த எடுப்பில் நம்பாத ஒரே மனிதர் எங்கள் லேப் டிப் அண்ணன்தான். மொத்தத் துணியையும் சாயத்தில் முக்கும் முன் ஒரு துண்டை மட்டும் முக்கிப் பார்ப்பதற்கு லேப் டிப் என்று பெயர். பனியன் கம்பெனியில் அவருக்கு அதுதான் வேலை. அந்தப் புத்தி வீட்டுக்கும் கூடவே போனது. மகனுக்கு ஷூ வாங்கினால் ஒன்றை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போடுவார். பெண் பார்க்கப் போனபோது ட்யூப்லைட், குண்டு பல்பு, வெயில் மூன்றிலும் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினாராம்.

நான் அங்கே தைத்த பனியனில் குறை கண்டுபிடிக்கும் செக்கிங்கில் இருந்தேன், தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. புருவம் எனக்குப் பெயருக்குத்தான் இருந்தது. இரண்டு மாதத்தில் என்னைப் பெண் பார்க்க வருவதாகப் பேச்சு. அந்த நேரம் பார்த்து, ஆர்டர் கொடுக்க வந்த வெளிநாட்டு அம்மா ஒரு குட்டி பாட்டிலைப் பரிசாகத் தந்தார். இமையையும் புருவத்தையும் அடர்த்தியாக்கும் பெப்டைடு சீரமாம். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அண்ணன் லேபிளை லென்ஸ் வைத்துப் படித்தார்.

"ஏனுங் அம்மணி, பெப்டைடுன்னு பெருசாப் போட்டிருக்குது. கூட என்னென்ன கலந்திருக்குதுன்னு பொடி எழுத்துலதானுங்க இருக்குது. காட்டன்னு பெருசாப் போட்ட பனியன்ல பாலியஸ்டர் ஒளிஞ்சிருக்கறத நாம பாக்கலீங்களா? ஒரு வாரம் கையில பூசிப் பாருங்க."

"போங்கண்ணே! என் மூஞ்சி என்ன பனியன் துணியா?"

மறுநாள் என் மேஜை டிராயரில் வைத்திருந்த பாட்டிலைக் காணோம். மூன்று நாள் தேடினேன். நான்காம் நாள் பொறுமை போய், மேனேஜர் முன்னால், அத்தனை டெய்லர்களும் கேட்க, "லேப் டிப் அண்ணன்தான் திருடிட்டாரு சார்!" என்று கத்திவிட்டேன்.

அவர் சட்டைக் கையை மடித்தார். முழங்கைக்கு உள்பக்கம் பேனாவால் ஒரு சதுரம், பக்கத்தில் மூன்று தேதிகள். சதுரத்துக்குள் தோல் தக்காளியாகச் சிவந்து தடித்திருந்தது.

"எனக்கு ஒத்துக்கலீங்க. உங்களுக்கு ஒத்துக்கலாம், தெரியாது. ஆனா கண்ணோரம் மட்டும் கொண்டு போகாதீங்க அம்மணி. செக்கிங்ல கண்ணுதானுங்க சோறு போடுது. டிராயர்ல சீட்டு வெச்சிருந்தனே, பாக்கலீங்களா?"

சீட்டு டிராயருக்கு அடியில் நழுவி விழுந்து கிடந்தது: 'சாம்பிள் எடுக்கப்பட்டது. ரிசல்ட் வரும்வரை உபயோகிக்க வேண்டாம்.'

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மன்னிப்புக் கேட்க மட்டும் வாய் வரவில்லை. அன்றிலிருந்து அவர் பெயர் 'புருவத் திருடன்'. ஒரே மாதத்தில் வேலம்பாளையத்தில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். புருவம் வளராமலே எனக்கு மாப்பிள்ளை அமைந்தது. அண்ணனுக்குப் பத்திரிகை கொடுக்க நான் போகவில்லை. எந்த முகத்தோடு போவேன்?

இன்றும் எந்தக் க்ரீம் வாங்கினாலும் முழங்கைக்கு உள்பக்கம் சதுரம் போட்டுத் தேதி எழுதுகிறேன். சோதித்துப் பார்க்காமலே நான் நம்பியிருக்க வேண்டிய ஒரே ஆள் நீங்கள்தான், அண்ணே.